மலிவான காம்பாக்ட் கேமரா உங்களுக்கு ஒத்துவருமா? காசு கொடுக்குமுன் சோதிக்கும் முறை

இங்கே பேசப்போவது 1/2.3 அங்குல சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள எளிய கேமராக்களைப் பற்றி மட்டும்: கேனான் இக்ஸஸ் 185, 190, சோனி டபிள்யூ830, கோடாக் பிக்ஸ்ப்ரோ எஃப்இசட்55 வகையறா. ஒரு அங்குல சென்சார் உள்ளவை விலையிலும் வேலையிலும் வேறு ரகம். அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 1: போனைத் திறந்து, சொதப்பிய படங்களைப் பிரியுங்கள்

கடந்த ஆறு மாதத்தில் போனில் எடுத்து, மனசுக்குப் பிடிக்காமல் போன இருபது படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஏன் கெட்டது என்று பார்த்து மூன்றாகப் பிரியுங்கள்: ஆள் தூரத்தில் இருந்தது, வெளிச்சம் போதவில்லை, ஆள் அசைந்துவிட்டது. சந்தேகம் வந்தால் படத்தின் விவரத்தைப் பாருங்கள். கூகுள் போட்டோஸில் படத்தை மேலே தள்ளினாலே ஷட்டர் வேகமும் (ஒளி உள்ளே விழும் நேரம்) ஐஎஸ்ஓவும் (ஒளியை உணரும் அளவு) தெரியும். ஷட்டர் 1/30 நொடியை விட மெதுவாக, ஐஎஸ்ஓ 800-க்கு மேல் இருந்தால் கெடுத்தது வெளிச்சக் குறைவுதான், போன் அல்ல.

படி 2: எந்தக் குவியல் பெரியது?

பகல் வெளிச்சத்தில் தூரத்துக் காட்சிகள்தான் அதிகம் என்றால் கேமரா வாங்கலாம். பெரும்பாலான போன்களின் முதன்மை லென்ஸ் 24 முதல் 26 மி.மீ. வரையிலான அகலக் கோணம்; மி.மீ. கூடக் கூட தூரக் காட்சி நெருங்கி வரும். இக்ஸஸ் 185 எட்டு மடங்கு ஜூமில் 224 மி.மீ. வரை போகும். கோபுரத்துச் சிற்பமோ ஏரிக்கரைக் கொக்கோ, இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். போனில் ஏற்கெனவே 3 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸால் கிடைக்கும் ஜூம்) இருந்தால் லாபம் குறையும்.

இருட்டுக் குவியல் பெரியதா? வாங்காதீர்கள். 1/2.3 சென்சார் ஏறத்தாழ 6.2 × 4.6 மி.மீ., அதாவது 28 சதுர மி.மீ. நடுத்தர விலைப் போன்கள் பலவற்றின் சென்சார் இதைவிடப் பெரியது. போன் லென்ஸும் எஃப்/1.8 அளவுக்குத் திறக்கும் (இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது). போதாக்குறைக்குப் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. மலிவுக் கேமரா பெரும்பாலும் ஒற்றைப் படத்தைத்தான் தரும். அசைவுக் குவியல் பெரியதென்றால் பதில் அடுத்த படியில்.

படி 3: லென்ஸ் விளிம்பில் உள்ள இரண்டாவது எண்

பலர் சறுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். லென்ஸைச் சுற்றி 1:3.2-6.9 என்பது போல் எழுதியிருக்கும். முதல் எண் ஜூம் செய்யாதபோது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பது. இரண்டாவது, முழு ஜூமில். எண் பெரிதானால் திறப்பு சிறிது. 6.9-ஐ 3.2-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 4.6 வரும். முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம் அத்தனை மடங்கு குறைவு.

பள்ளி ஆண்டுவிழா மேடையை எடுத்துக்கொள்வோம். ஜூம் இல்லாமல் ஐஎஸ்ஓ 800-இல் 1/60 நொடி கிடைக்கிறது என்றால், முழு ஜூமில் அதே ஐஎஸ்ஓவுக்கு 1/13 ஆகிவிடும். ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்றினாலும் 1/26-தான். ஆடும் குழந்தை உறைந்து நிற்க 1/125-ஆவது வேண்டும். 224 மி.மீ.-இல் கை நடுக்கம் தெரியாமலிருக்கவே ஏறத்தாழ 1/200 வேண்டும். ஃபிளாஷ் போடலாமே என்றால், இந்த ரகத்தில் அது சுமார் 3 மீட்டர்தான் எட்டும். ஆக, மண்டபத்துக்குள் முழு ஜூம் என்பது பெட்டியின் மேல் அச்சடித்த எண், அவ்வளவே.

நடுக்கத்தைக் குறைக்க ஆப்டிகல் ஸ்டெபிலைசேஷன் உதவும். இக்ஸஸ் 190-இலும் சோனி 830-இலும் அது உண்டு, 185-இல் இல்லை. இரண்டு இக்ஸஸும் ஒரே கடையில் கிடைத்தால் 190-ஐயே எடுங்கள். ஆனால் இது உங்கள் கை நடுக்கத்தைத்தான் தாங்கும். மேடையில் ஆடுபவரின் அசைவை நிறுத்தாது.

படி 4: மெகாபிக்சலை ஒதுக்குங்கள்

4×6 அங்குலப் பிரிண்டுக்கு 2.2 மெகாபிக்சல் போதும், 8×12-க்கு 8.6. எனவே 16-ஆ 20-ஆ என்று மண்டையை உடைக்க வேண்டாம். ஆன்லைனில் மிக மலிவாக 48, 64 மெகாபிக்சல் என்று வரும் பெயர் தெரியாத கேமராக்களை விட்டுவிடுங்கள். சின்ன சென்சார் படத்தை மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிய எண் அது. அடையாளம் எளிது: ‘டிஜிட்டல் ஜூம் 16 மடங்கு’ என்றிருக்கும், ஆப்டிகல் ஜூம் பற்றிப் பேச்சே இருக்காது. டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது; போனிலும் அதையேதான் செய்கிறீர்கள்.

படி 5: கடையில் பத்து நிமிடம்

உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். முழு ஜூமில் எதிர்ச்சாரிக் கடைப் பலகையை ஐந்து முறை எடுங்கள். பிறகு கடைக்குள், ஃபிளாஷ் இல்லாமல், நடந்துவரும் ஒருவரை எடுங்கள். அதே இரண்டையும் போனிலும் எடுத்து, வீட்டில் கணினியில் 100 சதவீத அளவில் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். பின்திரையில் எல்லாப் படமும் அழகாகத்தான் தெரியும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஃபிளாஷ் போட்டபின் அடுத்த படத்துக்கு எத்தனை நொடி காக்க வேண்டியிருக்கிறது என்றும் எண்ணுங்கள்.

பின்சேர்க்கை: பழைய சிசிடி (சென்சாரில் ஒரு வகை) கேமரா வாங்குவோருக்கு

பலரும் இதைக் கேட்டதால் சேர்க்கிறேன். 2006-க்கு முந்தைய கேமராக்கள் பெரும்பாலும் 2 ஜிபி வரையிலான எஸ்டி கார்டைத்தான் ஏற்கும். 32 ஜிபி போட்டால் ‘கார்டு பிழை’ என்று நிற்கும். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபில்ம் சிலவற்றுக்கு எக்ஸ்டி என்ற வேறு வகைக் கார்டு வேண்டும். கார்டு கையில் இல்லாமல் கேமராவை மட்டும் வாங்காதீர்கள். 2002 முதல் 2004 வரை வந்த பல மாடல்களில், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் சிசிடியின் உள்ளிணைப்பு விட்டுப்போய் படம் ஊதாவாகவோ கறுப்பாகவோ வரும் குறை 2005-இல் வெளியில் தெரிந்தது. ஆகவே ‘ஆன் ஆகிறது’ என்ற பேச்சை நம்பாமல் படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள், சிலந்திவலை போல் இழை தெரிந்தால் பூஞ்சை. வெள்ளைச் சுவரை முழு ஜூமில் எடுங்கள், ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கரும்புள்ளி வந்தால் சென்சாரில் தூசி. பேட்டரி உப்பியிருந்தால், அந்த மாடலுக்குப் புதிய பேட்டரி கிடைக்கிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.