மலாக்கா நீரிணையில் பாயைவிட டீசலுக்குப் பயப்படுங்கள்: ரேலிக்கு வரும் புதியவர்களின் தவறுகள்

மலேசியாவின் ஜோகூரில் புறப்பட்டு மலாக்கா நீரிணை வழியாக லங்காவி வரை கூட்டமாகச் செல்லும் பாய்மரப் படகு ரேலிக்கு ஒவ்வோர் ஆண்டும் புது முகங்கள் வருகின்றன. பெரும்பாலும் ஆள் குறைந்த படகுகள்: கணவனும் மனைவியும், அல்லது மாமனும் மச்சானும், கூடவே கல்லூரி விடுமுறையில் வந்த பிள்ளையும். புறப்படுவதற்கு முன் படகுத்துறையில் ஒரு நடை நடந்தால் போதும். நாங்கள் தொடங்கிய காலத்தில் அடித்த கூத்துகள் அத்தனையும் வரிசை மாறாமல் மறுபடி அரங்கேறிக்கொண்டிருக்கும். பாய் புதிது, கயிறு புதிது, கயிற்றை இழுக்கும் வின்ச் பளபளக்கிறது. எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்தால் ஃபில்டர் கிண்ணத்தில் டீசல் கடுங்காப்பி நிறத்தில் நிற்கிறது.

உயிர்காப்பு அங்கி, குமட்டல் மாத்திரை, குடிநீர், தொப்பி பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அவற்றை இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றால் கரையிலேயே இருந்துவிடலாம்.

பாய்மரப் பயணம் என்று நம்பி வருவது

வழி சுமார் 400 கடல் மைல். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம். இரண்டுக்கும் நடுவே காற்று படுத்துக்கொள்ளும். பிற்பகலில் கொஞ்சம் கடற்காற்று, இரவில் கொஞ்சம் நிலக்காற்று, அவ்வளவே. மீதி நேரம் எஞ்சின்தான். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் முழு வழியையும் எஞ்சினிலேயே ஓட்டினால் 80 மணி நேரம். சிறிய படகு எஞ்சின் மணிக்கு 2 லிட்டர் குடித்தாலும் 160 லிட்டர் டீசல் வேண்டும். 34 அடிப் படகு ஒன்றின் டாங்கி 100 லிட்டர்தான் கொள்ளும் என்றால் மிச்சத்தை வழியில் வாங்கியாக வேண்டும். மீன்பிடித் துறைகளில், பழைய கேன்களில், யாரோ நிரப்பித் தருவதை வாங்குகிறோம். தொல்லை அங்கேதான் படகில் ஏறுகிறது.

நின்றுபோன எஞ்சினைச் சாவி திருகியே கொல்வது

இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

முதலில் எஞ்சின் ஏன் நிற்கிறது என்று பார்ப்போம். இந்தப் பகுதிக் காற்றில் ஈரம் அதிகம். பாதி காலியாக இருக்கும் டாங்கியின் உட்சுவரில் அந்த ஈரம் துளித்துளியாக வியர்த்து வழிந்து அடியில் சேரும். நீர் டீசலைவிடக் கனமானது, அடியிலேயே தங்கிவிடும். நீரும் டீசலும் சந்திக்கும் மட்டத்தில் நுண்ணுயிர்கள் பெருகி, கருப்பாக, கொழகொழவென்று ஒரு கசடை உண்டாக்கும். போதாக்குறைக்கு மலேசியாவின் வாகன டீசலில் பாமாயில் பயோடீசல் கலந்து வருகிறது; 2019இல் அதன் அளவு 10 விழுக்காடாக உயர்ந்தது. பயோடீசல் ஈரத்தை இன்னும் நன்றாக இழுக்கும். பழைய டாங்கியில் ஒட்டிக்கிடக்கும் படிவுகளையும் கரைத்துக் கிளப்பும்.

கடல் தட்டையாக இருக்கும்வரை அந்தக் கசடு அடியில் சமர்த்தாகக் கிடக்கும். சூறைக்காற்று அடித்துப் படகு உருளத் தொடங்கியதும் கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைக்கும். "சரியாகப் புயல் நேரத்தில் எஞ்சின் காலை வாரிவிட்டது, எங்கள் நேரம் சரியில்லை" என்று பலர் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். நேரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாங்கியைக் குலுக்கியதே அந்தச் சூறைதான்.

ஏறத்தாழ ஏப்ரல் முதல் நவம்பர் வரை இந்த நீரிணையில் 'சுமத்ரா' என்ற சூறைக்காற்று வரும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ, மேற்கே அடிவானத்தில் கருமேகம் ஒரு சுருளாக எழும்பும். காற்று சட்டென்று குளிரும். அடுத்த சில நிமிடங்களில் மழையும் காற்றும் சேர்ந்து அறையும். மேற்கிலிருந்து வருவதால் படகைத் தீபகற்பக் கரைப் பக்கம் தள்ளும். எஞ்சின் இல்லாமல் கரையை நோக்கித் தள்ளப்படுவது யாருக்கும் வரக்கூடாத நிலை.

சில ஆண்டுகளுக்கு முன், போர்ட் டிக்சனுக்கு வடக்கே, எங்கள் படகுக்கு இரண்டு மைல் பின்னால் மூன்று பேர் கொண்ட ஒரு படகு வந்துகொண்டிருந்தது. இரண்டு மைத்துனர்கள், மூத்தவரின் மகன். சுமத்ரா வருவதைப் பார்த்ததும் பாயைச் சுருட்டினார்கள். நல்லது. எஞ்சினைப் போட்டுப் படகின் முன்முனையைக் காற்றுக்கு நேராக வைத்தார்கள். அதுவும் நல்லது. சிறிது நேரத்தில் எஞ்சினின் சுற்று ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் மூச்சடங்கி நின்றது.

நங்கூரத்தை இறக்கினார்கள், அங்கே ஆழம் குறைவு, நல்ல வேளையாகப் பிடித்துக்கொண்டது. அதோடு விட்டுவிட்டு மழை ஓயும்வரை கஞ்சி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. பையன் சாவியைத் திருகத் தொடங்கினான். பத்து விநாடி, நிறுத்தம், மறுபடி பத்து விநாடி. மூத்தவர் வானொலியில் வந்து, "அண்ணே, விடாமல் முயன்றுகொண்டே இருக்கிறோம்" என்றார். குரலில் ஒரு பெருமை.

"கடல்நீர் வால்வை மூடிவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"எந்த வால்வு?"

அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் நடந்துகொண்டிருந்தது இதுதான். படகு எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்நீரை உள்ளிழுக்கும் ஒரு பம்ப் இருக்கிறது; அந்த நீர் வரும் வழியை அடைப்பதுதான் நான் கேட்ட வால்வு. ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் அந்தப் பம்பும் சேர்ந்து சுழன்று நீரை உள்ளே தள்ளும். அந்த நீர் புகைக்குழாயில் கலந்து வாட்டர்லாக் பெட்டியில் விழும். எஞ்சின் ஓடினால் புகையின் அழுத்தம் அந்த நீரை வெளியே உந்தித் தள்ளிவிடும். ஓடாத எஞ்சினில் புகை ஏது? பெட்டி நிரம்பும், குழாயில் நீர் மேலேறும், எஞ்சினில் திறந்திருக்கும் புகை வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வந்து நீரில் முட்டி நிற்கும். 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம்; அதன்பின் ஸ்டார்ட்டர் அசையாது. பையன் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தான். பாட்டரியில் குறை ஒன்றும் இல்லை.

அப்போதும் காப்பாற்றியிருக்கலாம். கடல்நீர் வால்வை மூடி, வாட்டர்லாக் பெட்டியின் அடித் திருகைக் கழற்றி வடித்து, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றினால் சிலிண்டரில் உள்ள நீர் பீய்ச்சி வெளியேறும். பிறகு சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய், எஞ்சின் ஆயிலை மாற்றுதல், ஓட்டிச் சூடாக்கி மறுபடி மாற்றுதல். எல்லாம் அன்றைக்கே நடந்தாக வேண்டும். அவர்கள் களைத்துப் போயிருந்தார்கள். மீன்பிடிப் படகொன்று கட்டி இழுத்துத் துறையில் விட்டது. வார இறுதி முடிந்து மெக்கானிக் வரட்டும் என்று தூங்கப் போய்விட்டார்கள். உப்புநீருக்கு அந்த அவகாசம் போதும். பிஸ்டன் வளையங்கள் துருப்பிடித்துச் சிலிண்டரோடு இறுகிவிட்டன. எஞ்சினையே இறக்க வேண்டியதாயிற்று. ரேலி அவர்களுக்கு அங்கேயே முடிந்தது; செலவான தொகையில் புதிய பெரும்பாய் ஒன்று தைத்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு ஃபில்டர். கையளவுப் பொருள்.

எனவே செய்ய வேண்டியது: இரண்டு முயற்சியில் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடுங்கள். பிடித்த அடுத்த நொடி திறந்துவிடுங்கள். மறந்தால் பம்பின் ரப்பர் விசிறி கருகிவிடும். சாவிக்குப் பக்கத்தில் 'வால்வு?' என்று எழுதி ஒட்டி வைப்பது அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

ஃபில்டரை மாற்றி ஏர் எடுப்பதை, அதாவது டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதை, துறையில் கட்டியிருக்கும்போதே ஒருமுறை செய்து பாருங்கள். ஊரில் டீசல் பம்புசெட் ஓட்டியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலைதான். டீசல் வால்வை மூடி, கிண்ணத்தைக் கழற்றி, புது ஃபில்டரைப் போட்டு, சுத்தமான டீசல் ஊற்றி மூட வேண்டும். வால்வைத் திறந்து, எஞ்சின் மேல் இருக்கும் இரண்டாவது ஃபில்டரின் ஏர் திருகைச் சற்றே தளர்த்தி, கைப்பம்பை அடிக்க வேண்டும். முதலில் நுரையாக வரும், பிறகு குமிழி குமிழியாக, பிறகு கண்ணாடி போலத் தெளிந்த டீசல். அப்போது திருகை இறுக்குங்கள். கைப்பம்பு தொளதொளவென்று அழுத்தமே இல்லாமல் ஆடினால் கெட்டுவிட்டது என்று கழற்றிவிடாதீர்கள். உள்ளே அதை இயக்கும் கேம் உச்சியில் நிற்கிறது என்று பொருள். எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டால் பம்பு பிடிக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல பம்புகளைத் தூக்கிப் போட்டவர்களை அறிவேன்.

இதைப் படகில் உள்ள எல்லோரும் செய்து பார்க்க வேண்டும். இரண்டு பேர் உள்ள படகில் எஞ்சின் தெரிந்த ஒருவர் சுக்கானை விட முடியாத நேரத்தில்தான் எஞ்சின் நிற்கும்.

கேனில் வாங்கும் டீசலை அப்படியே டாங்கியில் ஊற்றாதீர்கள். ஒரு கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் பிடித்து ஓர் இரவு வைத்தால் நீரும் கசடும் அடியில் தனியாகத் தெரியும். நீரைத் தடுக்கும் வடிகட்டிப் புனல் கிடைக்கிறது. டீசல் மெதுவாகத்தான் இறங்கும், பொறுமை வேண்டும். கிண்ணத்தின் அடித் திருகைத் தினமும் காலையில் திறந்து கொஞ்சம் வடித்துப் பாருங்கள். உதிரி ஃபில்டர் ஒன்று இருக்கிறது என்று திருப்திப்படாதீர்கள். அழுக்கு டாங்கி ஒன்றை அரை மணியில் தின்றுவிடும். அரை டஜனாவது இருக்கட்டும்.

வலையின் மேல் போய் ஏறுவது

எஞ்சின் நின்ற விதத்தைக் கவனியுங்கள். சுற்று ஏறி இறங்கி மெல்ல அடங்கினால் டீசல் வரவில்லை. ஒரே அடியாக 'டக்' என்று நின்றால் படகை உந்தும் விசிறியில் வலையோ கயிறோ சுற்றியிருக்கிறது. பின்னதற்குச் சாவியைத் திருகி என்ன பயன்?

நீரிணையெங்கும் மிதவலைகள். பகலில் மூங்கில் கழியில் கட்டிய கொடி தெரியும். இரவில் பச்சை, சிவப்பு, நீலம் என்று பல வண்ணங்களில் சிறு விளக்குகள் கண்சிமிட்டும். மீனவர் கையை ஆட்டிக் கத்தினால் திட்டுகிறார் என்று புதியவர்கள் நினைத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டுகிறார்கள். வலை எந்தப் பக்கம் முடிகிறது என்று அவர் காட்டுகிறார். அவர் காட்டும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். ஏறிவிட்டோம் என்று தெரிந்தால் உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். விசிறி நின்றால் பெரும்பாலும் படகு வழுக்கிக்கொண்டு தாண்டிவிடும். கத்தியை எடுப்பது கடைசி வழி. அது ஒரு குடும்பத்தின் சோறு.

திரையில் இல்லாதது கடலில் இல்லை என்று நம்புவது

ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் இந்த நீரிணையைக் கடக்கின்றன. கப்பல்கள் வானொலி வழியே தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியின் திரையில் அவை முக்கோணங்களாக ஒழுங்காகத் தெரியும். அவற்றைக் கண்டு நான் பயப்படுவதில்லை. தங்கள் தடத்திலேயே போகும், நாம் அந்தத் தடத்துக்குள் நுழையாமல் இருந்தால் போதும். ஆபத்து, திரையில் தெரியாத இழுவைப் படகும் அதன் பின்னால் வரும் பார்ஜ் என்ற தட்டைச் சரக்குப் படகும். ஒரு படகில் செங்குத்தாக இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தால் எதையோ இழுக்கிறது. மூன்று தெரிந்தால் இழுவை 200 மீட்டருக்கும் நீளம். பார்ஜின் சொந்த விளக்குகள் பல நேரம் மினுக்கென்றுகூட எரியாது. இழுவைப் படகு கடந்துவிட்டது, பின்னால் வெறும் இருட்டு என்று நினைத்து அதன் பின்புறமாகக் குறுக்கே போனால் நடுவில் இரும்புக் கயிறு இருக்கிறது.

முதல் இரவில் எல்லோரும் விழித்திருப்பது

உற்சாகம். இரண்டாவது இரவில் எல்லோரும் தூங்குவார்கள். முதல் நாள் மாலையிலிருந்தே மூன்று மணி நேரக் காவல் முறை வைத்துக்கொள்ளுங்கள், தூக்கம் வராவிட்டாலும் படுத்துக்கிடங்கள். காவலில் இருப்பவர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்தால் போதும் என்பது பெருங்கடலுக்குச் சொன்னது. 18 கடல் மைல் வேகத்தில் வரும் கப்பல் அந்த இருபது நிமிடத்தில் 6 மைல் வந்துவிடும். இங்கே தலை வெளியேதான் இருக்க வேண்டும்.

கூட்டத்தோடு கோவிந்தா

முன்னால் போகும் பெரிய படகு நங்கூரம் எடுத்ததும் பின்னாலேயே எல்லோரும் எடுப்பார்கள். அந்தப் படகின் எஞ்சின் வேறு, ஆள் பலம் வேறு. அது ஏற்றவற்றம் பார்த்துத்தான் புறப்பட்டதா என்பதும் உங்களுக்குத் தெரியாது. போர்ட் கிள்ளானை ஒட்டி நீரோட்டம் பலமானது. உங்கள் வேகம் 5. நீரோட்டம் 2 என்று வையுங்கள். கூடவே வந்தால் ஆறு மணி நேரத்தில் 42 மைல் போவீர்கள், எதிர்த்து வந்தால் 18. இரண்டுக்கும் செலவாகும் டீசல் ஒன்றே. ரேலி ஏற்பாட்டாளர்கள் தரும் அட்டவணையில் எந்த இடத்தில் எப்போது விருந்து என்று இருக்கும். எப்போது நங்கூரம் எடுப்பது என்பது படகின் தலைவர் முடிவு செய்ய வேண்டியது. ஒருநாள் பிந்திப் போனதால் யாரும் மூழ்கியதில்லை.

மின்னல்

இடி தொடங்கியதும் ஒரு கைப்பேசியையும் கையடக்க ஜி.பி.எஸ்.ஸையும் அடுப்பின் ஓவனுக்குள் வையுங்கள். மின்னல் தாக்கினாலும் அந்த உலோகப் பெட்டி அவற்றைக் காக்கக்கூடும். ரொட்டி சுடுவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

லங்காவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று உதிரிப் பாகங்களை வாங்காமல் வருவது

லங்காவிக்குப் போய்ச் சேர அவை வேண்டும்.