உறுமலை அடக்காதீர்கள்: நாய் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கடிச்சிடுச்சு." நாய்ப் பயிற்சிக்கு வருகிற புதியவர்களில் பலர் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால், நாய் பல நாட்களாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். சாப்பிடும் நாயைச் சீண்டாதே, தூங்கும் நாயை மிதிக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

உறுமினால் அடிப்பது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இந்த ஒன்றில்தான். உறுமல் என்பது எச்சரிக்கை. "இதற்கு மேல் வராதே" என்று நாய் கேட்டுக்கொள்கிறது. அதற்கு அடி விழுந்தால் நாய் உறுமுவதை நிறுத்திவிடும். உறுமவைத்த பயமோ வலியோ அப்படியே உள்ளே இருக்கும். அடுத்த முறை நேராகக் கடிதான்.

ஒரு வீட்டில், தவழ்கிற குழந்தை பக்கத்தில் வந்தாலே நாய் உறுமியது. அப்பா ஒவ்வொரு முறையும் செய்தித்தாளைச் சுருட்டி அதன் மூக்கில் அடித்தார். சில வாரங்களில் உறுமல் நின்றது. "சரியாயிடுச்சு" என்று நிம்மதி அடைந்தார்கள். பிறகு ஒருநாள் குழந்தையின் கன்னத்தில் கடி. குழந்தை விளையாடுவதைப் படம்பிடித்த வீடியோவில் எல்லாமே பதிவாகியிருந்தது. நாய் முதலில் வாயை மூடிக்கொண்டு மூக்கை நக்குகிறது. முகத்தைத் திருப்புகிறது. கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிகிறது. குழந்தை காதைப் பிடித்ததும் ஒரு நொடி உடம்பு கல்லாக விறைக்கிறது. அப்புறம்தான் கடி. கால்நடை மருத்துவர் பார்த்தபோது அதே காதில் சீழ் பிடித்திருந்தது.

உறுமினால் இருந்த இடத்திலேயே நில்லுங்கள். குழந்தையையோ விருந்தாளியையோ மெதுவாக விலக்கி, நாய்க்கு இடம் கொடுங்கள். சாதுவாக இருந்த நாய் திடீரென்று மாறினால் முதல் வேலை மருத்துவப் பரிசோதனை: மூட்டு, பல், காது எங்கே வலி இருந்தாலும் சிடுசிடுப்பு வரும்.

வலி இல்லை என்றால் பயிற்சி. எதைக் கண்டு, எவ்வளவு தூரத்தில் உறுமுகிறது என்று குறித்துவையுங்கள். அந்தத் தூரத்துக்கு வெளியே, அதைப் பார்த்தும் நாய் நிதானமாக இருக்கிற இடத்தில் நின்று, பார்த்த உடனே நாய்க்கு மிகப் பிடித்த தீனியைக் கொடுங்கள். உறுமவைத்த அந்த ஆளோ பொருளோ மறைந்ததும் தீனியும் நிற்க வேண்டும். பார்ப்பது முதலில், தீனி பிறகு. இந்த வரிசை மாறினால் பயன் இல்லை. தீனியைத் தொடவே மறுக்கிறதா? மிக நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள். வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே கடித்த நாய் என்றால் தனியாக முயலாமல், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"நான்தான் தலைவன்" என்று மல்லாத்தி அமுக்குவது

ஓநாய்க் கூட்டத்தில் சண்டையிட்டுத் தலைவனாவதுபோல நாயையும் அடக்கித் தலைவனாக வேண்டும் என்ற இந்த எண்ணம், ருடால்ஃப் ஷெங்கல் 1947-இல் எழுதிய ஓநாய் ஆய்வில் வேரூன்றியது. அவர் பார்த்தவை அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இலேயே எழுதிவிட்டார். பயந்த நாயை அமுக்கினால் உங்கள் முகம்தான் அதன் வாய்க்குப் பக்கத்தில் இருக்கும்.

வாலை மட்டும் பார்ப்பது

வால் ஆடினாலே நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். வால் விறைத்து உயர்ந்து படபடவென்று ஆடினால், கிட்டப் போகாதீர்கள்.

நாய்ச் சண்டைக்கு நடுவில் கையை விடுவது

கூடாது. தண்ணீரை ஊற்றுங்கள், நடுவில் பலகையை நுழைத்துவிடுங்கள்.

வாயை இறுக்கிக் கட்டுகிற மசில் (வாய்ப்பூட்டு)

மூச்சிரைக்க முடியாத நாய்க்கு உடம்புச் சூடு ஏறிவிடும். கூடை மாதிரி மசில் வாங்குங்கள். அதில் இரைக்கலாம், தண்ணீரும் குடிக்கலாம். பிரச்சினை வருவதற்கு முன்பே, உள்ளே தீனி வைத்து நாயே மூக்கை நுழைக்கும்படி பழக்குங்கள்.

கடித்த பிறகு நாயோடு மல்லுக்கட்டுவது

அதைத் தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல், அன்றைக்கே மருத்துவரிடம் போய் வெறிநோய்த் தடுப்பூசி தேவையா என்று கேளுங்கள்.