சத்துணவுக் கூடத்தின் பின்புறம் ஒரு கீரைத் தோட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

1982 ஜூலை 1 அன்று தொடங்கிய எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டமும் தமிழ்நாட்டுக் குழந்தைகள் பசியோடு வகுப்பில் உட்காராமல் பார்த்துக்கொள்கின்றன. மதிய உணவுக்கான அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவை அரசிடமிருந்து வந்துவிடுகின்றன. காய்கறியை மட்டும், குழந்தைக்கு இவ்வளவு எனத் தரப்படும் தொகையைக் கொண்டு அமைப்பாளர் உள்ளூரில் வாங்க வேண்டியிருப்பதால், சந்தையில் விலை ஏறும் வாரங்களில் சாம்பாரில் காய் குறைகிறது. அந்தக் குறையை ஊர்க்காரர்கள் பள்ளி வளாகத்திலேயே ஓரளவு தீர்க்க முடியும். அதற்கு ஒரு சென்ட் நிலம் போதும்.

முதலில் ஆட்கள், பிறகு மண்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தோட்டத்தைத் தலைமையாசிரியரின் தனிப்பட்ட ஆர்வமாக விட்டுவிடாமல் அந்தக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அவர் மாறுதலாகிப் போனாலும் தோட்டம் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குச் சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் கட்டாயம் அழையுங்கள். எந்தக் கிழமையில் என்ன சமைக்கிறார்கள், கீரையை எந்த நாளில் சேர்த்தால் அவர்களுக்குச் சுமையில்லாமல் இருக்கும் என்பதை அவர்கள் வாயால் கேட்டுக்கொண்ட பிறகுதான் விதையைப் பற்றிப் பேச வேண்டும்.

கணக்கு

மதிய உணவுக்கான அரசு அளவுகோல்படி தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறியும், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை 75 கிராமும் தேவை. 60 குழந்தைகள் உள்ள தொடக்கப் பள்ளிக்கு ஒரு வேளைக்கு 3 கிலோ. நன்றாகப் பராமரித்த பாத்தியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கீரை கிடைக்கும்; வேரும் முற்றிய தண்டும் கழியும் என்பதால் 4 சதுர மீட்டராக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம். அகலம் அதற்கு மேல் போகக் கூடாது, ஏனெனில் இருபக்கமும் நின்று கை நீட்டும் சிறுவர்கள் பாத்திக்குள் கால் வைக்காமல் நடுப்பகுதியை எட்ட வேண்டும்.

இப்படி ஐந்து பாத்திகள் தேவை. சிறுகீரை பறிப்புக்கு வர 25 முதல் 30 நாட்கள் ஆகும் என்பதால், திங்கள்தோறும் ஒரு பாத்தி என்று விதைத்து வந்தால், ஐந்தாவது வாரத்திலிருந்து வாரம் ஒரு பாத்தி அறுவடைக்கு வந்துகொண்டே இருக்கும். முதல் முயற்சியில் நாங்கள் ஆர்வத்தில் ஐந்தையும் ஒரே நாளில் விதைத்துவிட்டோம். எல்லாம் ஒன்றாக விளைந்து நின்றன. ஒரு வேளைக்கு எடுத்ததுபோக மீதி தண்டு முற்றிப் பூத்துப்போனது கண்ணுக்கு முன்னால் நடந்தது.

விதைப்பு

மண்ணை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் கண்ணாடித் துண்டையும் கையால் பொறுக்கி எடுத்து, பாத்திக்கு இரண்டு கூடை நன்கு மட்கிய தொழுவுரம் சேருங்கள். பச்சைச் சாணி வேண்டாம். களையும் புழுவும் அதோடு வந்துவிடும். கீரை விதை கடுகைவிடச் சிறியது என்பதால் அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். பத்துப் பங்கு மணலோடு கலந்து தூவி, உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டு, பூவாளியால் நீர் தெளியுங்கள். அன்று மாலைக்குள் எறும்புகள் வரிசை கட்டி விதையைத் தூக்கிச் செல்லப் பார்க்கும். பாத்தியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி அரிசி நொய்யைத் தூவினால் அவை பெரும்பாலும் அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். சிறுகீரையை வேரோடு பிடுங்க வேண்டும். அரைக்கீரையை அடியில் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும்.

கை கழுவும் நீர் ஓடும் இடத்தில் இரண்டு வாழையும் ஒரு பப்பாளியும் வையுங்கள். சோப்பு கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விட வேண்டாம். முருங்கைக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரக விதை ஏற்றது. செடி ஒரு மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்து, ஏணியில்லாமல் கீரை பறிக்கலாம். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அப்பியிருக்கும். அந்த நாட்களில் குழந்தைகளை மரத்தடிக்கு விடாதீர்கள். குழந்தைகள் உண்ணும் கீரை என்பதால் இரசாயனப் பூச்சிமருந்து கூடவே கூடாது, வேப்பங்கொட்டைச் சாறு போதும்.

வேலிக்கு ஆடாதொடை நடுங்கள். ஆடு தொடாத இலை என்பதே அதன் பெயர்க்காரணம்.

கோடை விடுமுறை

மார்ச் நடுவில் விதைப்பை நிறுத்திவிட்டு, ஒரு பாத்தியை மட்டும் விதைக்காக முற்றவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றப் பள்ளியை ஒட்டிய வீட்டுக்காரர்கள் இருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மரத்தடியில் சருகு மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும்.

கீரை ஆய ஆள்

பள்ளித் தோட்டம் நின்றுபோவதற்குத் தண்ணீரைவிடப் பெரிய காரணம் இது என்பது என் உறுதியான கருத்து. மூன்று கிலோ கீரையை ஆய்ந்து, மண் போக மூன்று முறை அலசி, பிறகு நறுக்க இருவருக்கு ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் சமையலர் உலையையும் பருப்பையும் முட்டையையும் கவனிக்க வேண்டும். இதையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமில்லை, சுமத்தினால் இரண்டாம் வாரமே கீரை வேண்டாம் என்பார். ஆகவே பறிப்பு நாளுக்கு இரண்டு தாய்மாரின் பெயரை முந்தைய நாளே கரும்பலகையில் எழுதுங்கள். காலையில் பறித்து, எடை போட்டு, நோட்டில் குறித்து, ஆய்ந்த கீரையாகவே சமையலறைக்குக் கொடுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும் என்பதால், இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். கரும்பலகையில் பெயர் இல்லாத நாளில் பறிக்காதீர்கள். பாத்தியில் இன்னும் ஒரு நாள் நிற்பதால் கீரை கெட்டுவிடாது.