குரூப் சைக்கிள் ரைடுல புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

போன ஞாயித்துக்கிழமை விடியக்காலைல சென்னை திருவான்மியூர்ல இருந்து ஈசிஆர்ல (கிழக்குக் கடற்கரைச் சாலை) மாமல்லபுரத்துக்கு கிளம்பினோம், 14 பேர்ல 5 பேர் புதுசு. வழியில இருக்கிற அக்கரைங்கிற ஊரைத் தாண்டுறதுக்குள்ளயே நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்பை 3 பேர் பண்றதைப் பாத்துட்டேன். ஹெல்மெட், டயர்ல காத்து இதெல்லாம் நான் சொல்ல வரல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

முன் சக்கரத்தை உள்ள நுழைக்கிறது

முன்னாடி போறவர் பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டுல உங்க முன் சக்கரம் நாலு விரக்கடை ஏறியிருக்குமே, அதான். எதிர்காத்தை அவர் வாங்கிக்கிறதால நமக்கு மிதிக்க லேசா இருக்கும், அந்த சுகத்துல ஒட்டிக்கிட்டே போயிடுவோம். அவர் கொஞ்சம் ஒதுங்கினாலும் ரெண்டு டயரும் உரசும், விழுறது பெரும்பாலும் பின்னாடி வர்றவர்தான். ஏன்னா வண்டி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் நாம பேலன்ஸ் பண்றோம், உரசி நிக்கிற சக்கரம் அந்தப் பக்கம் திரும்பாது.

நான் புதுசா ஓட்ட ஆரம்பிச்ச காலத்துல, கோவளம் கிட்ட மீன் கூடையோட ஒரு அம்மா ரோட்டோரமா நடந்து வந்தாங்க, அந்த இடத்துல நடைபாதை இல்ல, அவங்க வேற எங்க நடப்பாங்க? முன்னாடி போனவர் அவங்களுக்கு இடம் விட்டு வலது பக்கம் ஒதுங்கினார், அது சரிதான். என் சக்கரம் அவரோட வலது பக்கத்துல நுழைஞ்சிருந்துச்சு. விழுந்ததுல காலர் எலும்பு உடைஞ்சு ஆறு வாரம் கையைக் கழுத்துல கட்டித் தொங்கவிட்டிருந்தேன். அந்த அம்மா கூடையை இறக்கி வச்சுட்டு என் கன்னத்துல ஒட்டின மணலை முந்தானையால துடைச்சு விட்டாங்க.

இதைச் சொன்னா "நான் பாத்துக்கிறேன்ணே"ங்கிறாங்க, எனக்கு கோவமே வருது. ஒரு சக்கர அளவு இடைவெளி விடுங்க, டயரையே பாக்காம அவரோட தோளுக்கு மேல ரோட்டைப் பாருங்க. நுழைஞ்சுட்டா சடக்குனு பிரேக் வேண்டாம், மிதிக்கிறதை நிறுத்தினா தானா பின்னாடி வந்துடுவீங்க. முன்னாடி போறவங்க "ஆள் நடக்குறாங்க"ன்னு கத்திச் சொல்லணும்.

ரெட் சிக்னல்

நில்லுங்க. குரூப் பிரிஞ்சா பிரியட்டும்.

காதுல இயர்போன்

கழட்டுங்க.

டீக்கடை முன்னாடி

நடைபாதை முழுக்க சைக்கிளை சாய்ச்சு வைக்காதீங்க. நடக்கிறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு சென்னை மாநகராட்சி 2014-லயே ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு, அதுபடி ரோடு போடுங்கன்னு கேக்குற நாமளே வழியை மறிச்சா எப்படி? போன ஞாயித்துக்கிழமை நம்ம 14 சைக்கிளைச் சுத்திப் போக ஒரு தாத்தா கம்பை ஊனிக்கிட்டு பஸ் வர்ற ரோட்டுல இறங்கினார். நான் ஓடிப்போய் நாலு வண்டியை நகத்துறதுக்குள்ள அவர் அந்தப் பக்கம் ஏறிட்டார்.