நைட்ரஜன்மீது எலெக்ட்ரானை மோதவிட்டுப் புற ஊதா ஒளியை அளப்பது எப்படி

துருவ ஒளியிலும், சனிக்கோளின் நிலவான டைட்டனின் மேல்வளிமண்டலத்திலும் விண்கலங்கள் பதிவு செய்யும் புற ஊதாவைப் புரிந்துகொள்ள, அதே மோதலை ஆய்வகத்தில் நிகழ்த்தி அளந்தாக வேண்டும். இங்கே பார்ப்பது 115 முதல் 260 நானோமீட்டர் வரை: அணு நைட்ரஜனின் 120.0, 149.3, 174.3 கோடுகளும், மூலக்கூறின் லைமன்–பிர்ஜ்–ஹாப்ஃபீல்ட் பட்டைகளும்.

மோதல் நடக்கும் கலத்தை டர்போ பம்பால் 10⁻⁷ டாருக்கு (டார் என்பது அழுத்த அலகு) இறக்கியபின் 99.999 சதவீதத் தூய நைட்ரஜனை விட்டு 10⁻⁵ டார் அளவில் நிறுத்துங்கள். ஒளி செல்லும் பாதை முழுவதும் வெற்றிடமாக இருக்க வேண்டும். சிறிது காற்று இருந்தாலும் ஆக்சிஜன் இந்த ஒளியை விழுங்கிவிடும். ஜன்னலுக்கு மெக்னீசியம் ஃபுளோரைடு, டிடெக்டருக்குச் சீசியம் டெல்லூரைடு பூச்சு. எலெக்ட்ரான் கற்றையை ஆழமான ஃபாரடே கிண்ணத்தில் (கற்றையின் மின்னோட்டத்தை அளக்கும் உலோகக் கிண்ணம்) பிடியுங்கள். கிண்ணம் ஆழமில்லாவிட்டால் இரண்டாம்நிலை எலெக்ட்ரான்கள் திரும்பி வந்து, குறைந்த ஆற்றலில் எடுக்கும் அளவீட்டைப் பாழாக்கும்.

மின்மூலம் காட்டும் வோல்ட்டை அப்படியே நம்பக்கூடாது. வெவ்வேறு உலோகங்கள் இணையும்போது எழும் தொடுகை மின்னழுத்தம் எலெக்ட்ரானின் ஆற்றலைச் சற்று நகர்த்திவிடும். நைட்ரஜன் மூலக்கூறின் 337.1 நானோமீட்டர் ஒளி 11.03 எலெக்ட்ரான் வோல்ட்டில்தான் தொடங்கும்; அது தோன்றும் இடத்தைப் பார்த்து அளவுகோலைத் திருத்துங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த இடத்தில். 120.0 கோட்டின் ஒளி சில நானோநொடிகளில், கற்றைக்குள்ளேயே வந்துவிடும். லைமன்–பிர்ஜ்–ஹாப்ஃபீல்ட் பட்டைகளைத் தரும் கிளர்நிலையோ (மோதலால் மூலக்கூறு கூடுதல் ஆற்றல் பெற்ற நிலை) சுமார் 55 மைக்ரோநொடி வாழ்கிறது. அறை வெப்பநிலையில் மூலக்கூறின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 475 மீட்டர். ஆக, ஒளி விடுமுன் அது சராசரியாக 2.6 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். சில இன்னும் வெகுதூரம் போகும். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கற்றையை மட்டும் பார்க்கும் குறுகிய பிளவு இந்த ஒளியில் பெரும்பகுதியைத் தவறவிடும். கலத்தின் சுவர் அருகில் இருந்தால் மூலக்கூறு ஒளி விடாமலே சுவரில் மோதி அணைந்துவிடும். எனவே பெரிய கலமே நல்லது. ஸ்பெக்ட்ரோமீட்டரின் பார்வையைக் கற்றைக்குக் குறுக்கே அரை சென்டிமீட்டர் படிகளில் நகர்த்தி, ஒவ்வொரு இடத்திலும் 120.0 கோட்டையும் ஒரு பட்டையையும் எண்ணுங்கள். முதலாவது கற்றையின் அகலத்தைக் காட்டும். இரண்டாவது இருபுறமும் நீண்ட வால்களோடு வரும். வால்களையும் சேர்த்துக் கூட்டினால்தான் மொத்த ஒளி கிடைக்கும். கற்றை உருளை வடிவம் என்பதால் கூட்டலில் அந்த வடிவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

121.6-இல் கோடு தெரிந்தால் ஹைட்ரஜன் கலந்திருக்கிறது; கூடவே ஆக்சிஜனின் 130.4-உம் வந்தால் நீராவி, அல்லது காற்றுக் கசிவு. கலத்தைச் சூடேற்றி மறுபடி உறிஞ்சுங்கள். 240 அருகே கூர்மையான கோடு இருந்தால் அது 120.0-இன் இரண்டாம் வரிசை, அதாவது ஸ்பெக்ட்ரோமீட்டர் இருமடங்கு அலைநீளத்தில் காட்டும் போலிக் கோடு. குவார்ட்ஸ் தகடு ஒன்றைக் குறுக்கே வைத்தால் மறைந்துவிடும்.

கடைசியாக, அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். எண்ணிக்கையும் பாதியாக வேண்டும். மின்னோட்டத்துக்கும் இதே சோதனை. நேர்விகிதம் உடைந்தால், ஒரே மூலக்கூறு பலமுறை மோதுகிறதா, டிடெக்டர் திணறுகிறதா என்று பார்த்துச் சரிசெய்த பிறகே 20, 100 எலெக்ட்ரான் வோல்ட்டில் நிறமாலை எடுங்கள்.