நோட்கெல்ட் வாங்கும்போது எங்கே ஏமாறுகிறோம்?

'நோட்கெல்ட்' என்றதும் நம் காதில் நோட்டு என்றுதான் விழும். ஜெர்மன் மொழியில் 'நோட்' என்றால் இக்கட்டு, 'கெல்ட்' என்றால் பணம். 1923-இல் ஜெர்மனியின் பணமான மார்க்கின் மதிப்பு மளமளவென்று சரிந்தபோது, மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் அச்சடித்த பணம் கூலி கொடுக்கக்கூடப் போதவில்லை. மாகாணங்கள், நகராட்சிகள், ஆலைகள் என்று ஆளாளுக்குத் தாங்களே நோட்டு அடித்துக்கொண்டார்கள்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது எண்ணில்தான். நோட்டில் 'பில்லியோன்' என்று இருந்தால் நாம் பழகிய பில்லியன் என்று நினைத்து 100 கோடி என்று எழுதிவிடுகிறார்கள். ஜெர்மனியில் 100 கோடிக்குப் பெயர் 'மில்லியார்ட'. பில்லியோன் என்பது ஒரு லட்சம் கோடி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்! அவ்வளவு பெரிய தொகைக்கும் அன்று என்ன கிடைத்தது? 1923 நவம்பர் கடைசியில் ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க். ஆக, ஒரு பில்லியோன் மார்க் கால் டாலர்கூடப் பெறாது. நோட்டில் பூஜ்யம் அதிகம் என்பதற்காக இன்று யாராவது அதிக விலை சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது, அழகான வண்ணப் படங்களோடு 50 ஃபென்னிக், 75 ஃபென்னிக் (மார்க்கின் சில்லறை) என்று வரும் நோட்டுகள். இவற்றைப் 'பணவீக்கக் காலத்துப் பணம்' என்று சொல்லி விற்கிறார்கள். ஆண்டைப் பாருங்கள், பெரும்பாலும் 1921 என்றிருக்கும். சேகரிப்பவர்களுக்கு விற்கவே பல ஊர்கள் வரிசை வரிசையாக இவற்றை அடித்தன. வாங்கலாம், தப்பில்லை, ஆனால் 1923-இன் கதையை இவை சொல்லாது.

அந்தக் கதையைச் சொல்பவை பார்க்கச் சுமாராகத்தான் இருக்கும். முன்பக்கம் மட்டும் அச்சு, பின்பக்கம் வெறும் தாள். அதைப் பிழை நோட்டு என்று நினைக்க வேண்டாம். அவசரத்தில் அப்படித்தான் அடித்தார்கள். பழைய நோட்டின்மேல் புதிய தொகையைக் குத்துவதும் சாதாரணம். ரைக்ஸ்பாங்கே 1922 டிசம்பர் தேதியிட்ட 1000 மார்க் நோட்டில் சிவப்பு மையால் 'ஒரு மில்லியார்ட மார்க்' என்று அடித்து வெளியிட்டது.

வெஸ்ட்ஃபாலன் மாகாண வங்கியின் ஒரு பில்லியோன் மார்க் நாணயத்திலும் கவனம் வேண்டும். 1923 என்று பொறித்திருந்தாலும் அது வெளிவந்தது விலைச்சரிவை நிறுத்தக் கொண்டுவந்த புதிய பணமான ரென்டன்மார்க் வந்த பிறகு, நினைவுப் பொருளாகத்தான். அதைக் கொடுத்து யாரும் ரொட்டி வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம், ஊர்ப் பெயர். நோய்ஷ்டாட் என்றால் 'புதூர்'. நம் ஊர்ப் புதூர்களைப் போலவே அங்கேயும் பல நோய்ஷ்டாட்கள் உண்டு. பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், நகராட்சி முத்திரையையும் பக்கத்தில் வரும் ஆறு அல்லது வட்டாரப் பெயரையும் சேர்த்துப் படியுங்கள்.

கடைசியாக ஒன்று, கெஞ்சியே கேட்கிறேன்: மடிப்பை எடுக்க இஸ்திரி போடாதீர்கள், கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். டேப்பின் பசை தாளில் இறங்கிப் பழுப்பேறிவிட்டால் அந்தக் கறை போகவே போகாது.