சூட்டுப்பெட்டி: இருபத்தைந்து நிமிட நெருப்பில் கடலை அவிப்பது எப்படி

கடலை (கொண்டைக்கடலை) அவிக்க அடுப்பை ஒன்றரை மணித்தியாலம் எரிய விடுகிற வீடுகளுக்காக இது. சட்டியைக் கொதிக்க வைத்து இறக்கி, சூடு போகாதபடி சுற்றிவர அடைத்த பெட்டிக்குள் வைத்தால் மிச்ச அவியல் அங்கேயே நடக்கும், அதுதான் சூட்டுப்பெட்டி. காஸ் ஆனாலும் சரி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் கட்டிய மிலாறு விறகு ஆனாலும் சரி, அதில் பெரும்பங்கு சட்டி கொதித்த பிறகுதான் செலவாகிறது. கொதித்த தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. நீங்கள் எரிப்பதெல்லாம் ஆவியாகித் தகரத்தில் போய் முட்டுகிறது, அவ்வளவுதான்.

மலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அட்டன், பண்டாரவளைப் பக்கம் 96 பாகை வரும். அதனால்தான் கொழும்பில் சீக்கிரம் அவியும் கடலை இங்கே இழுத்தடிக்கிறது. தீயைக் கூட்டி வைத்தாலும் தண்ணீரின் சூடு கூடாது. கடலைக்கு வேண்டிய நேரத்தை நெருப்பில்லாமல் கொடுக்கத்தான் இந்தப் பெட்டி.

வேண்டியவை

மீன் வரும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி ஒன்று, மூடியோடு. மீன்கடையில் கேட்டால் மலிவாகத் தருவார்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள், வாடை போய்விடும். ரெஜிபோம் கிடைக்காவிட்டால் பெரிய காட்போர்ட் பெட்டி போதும். ஆனால் அதற்குச் சுற்றிவர நான்கு அங்குலத்துக்கு நிரப்ப வேண்டும். நன்றாகக் காய்ந்த மானாப்புல் இதற்கு அருமையான சாமான், காசும் இல்லை. பழைய கம்பளி அதைவிட நல்லது. பஞ்சுத் தலையணையும் உதவும், ஆனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

சட்டியைப் பொறுத்தவரை, இரண்டு பக்கமும் சின்னக் காது வைத்த, மூடி இறுக்கமாக உட்காரும் அலுமினியச் சட்டியைத்தான் எடுக்க வேண்டும். நீட்டுக் கைப்பிடி உள்ளது வேண்டாம், கைப்பிடியைச் சுற்றி எப்போதும் இடைவெளி விழும். மூடியில் ஆவி போக ஓட்டை இருந்தால் கோதுமை மாவைப் பிசைந்து அடைத்துவிடுங்கள்.

பெட்டியைத் தயார் செய்தல்

பெட்டியின் அடியில் ஒரு பலகைத் துண்டு, அதன் மேல் மடித்த சாக்கு. அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை நேரே ரெஜிபோமில் வைத்தால் உருகிப் பள்ளம் விழும். விறகு அடுப்பானால் சட்டியின் அடியை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். கரியில் ஒட்டிய ஒரு தணல் போதும், கம்பளியும் புல்லும் பற்றிக்கொள்ளும். இதில் அவசரப்படாதீர்கள்.

வெறும் சட்டியை நடுவில் வைத்துச் சுற்றிவரக் கம்பளியை இறுக்கிப் பாருங்கள். விரல் நுழையும் இடமெல்லாம் சூடு போகும் இடம்.

இனி, பலருக்கும் பிழைக்கும் இடம். பக்கமெல்லாம் பார்த்துப் பார்த்து அடைப்பார்கள், மேலே ஒரு துவாயைப் போட்டுப் பெட்டியை மூடிவிடுவார்கள். சூடு மேலேதான் ஏறும். சட்டி மூடிக்கும் பெட்டி மூடிக்கும் நடுவே நான்கு விரல் வெற்றிடம் இருந்தால் இரண்டு மணித்தியாலத்தில் கடலை வெதுவெதுப்பாகி, நடுவில் மாவாக நிற்கும். பழைய தலையணை உறையில் கிழிந்த துணியைத் திணித்துக் கட்டி ஒரு மெத்தை செய்யுங்கள். அதைச் சட்டிமேல் வைத்ததும் பெட்டி மூடி லேசாக மேலே எழும்ப வேண்டும். கையால் அழுத்தி, மேலே ஒரு கல்லை ஏற்றி வைத்தால் சரி.

கடலை

500 கிராம் கடலையை முதல்நாள் இரவே ஊறப் போடுங்கள். குளிர் பிரதேசத்தில் பச்சைத் தண்ணீரில் ஊற நேரம் எடுக்கும், அதனால் தேத்தண்ணிக்கு வைத்த சுடுதண்ணீரில் மிச்சத்தை ஊற்றுங்கள். வேலை முடிந்து வந்ததும் ஊறிய தண்ணீரை வடித்துவிட்டு, 4 லீற்றர் சட்டியில் கடலையோடு 2 லீற்றர் தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றுங்கள். சட்டி முக்கால்வாசி நிறையும், அப்படித்தான் நிறைய வேண்டும். சூட்டைப் பிடித்து வைப்பது உள்ளே இருக்கும் தண்ணீர்தான். பெரிய சட்டியில் கொஞ்சம் போட்டால் எந்தக் கம்பளியாலும் காப்பாற்ற முடியாது. இரண்டு பேர் வீட்டுக்கு 2 லீற்றர் சட்டியில் 250 கிராம்.

கொதி வந்ததிலிருந்து மூடியைப் போட்டபடியே 25 நிமிடம் விடுங்கள். மூடியைத் திறக்காமலே இறக்கிப் பெட்டியில் வையுங்கள். ஐந்து மணிக்கு வைத்தால் எட்டரைக்கு எடுக்கலாம். நடுவில் திறந்து பார்த்தால் அரை மணித்தியாலச் சூடு போகும், பார்க்கவே வேண்டாம். தக்காளி, புளி, கொறுக்காப்புளி எல்லாம் அவிந்த பிறகுதான். புளிப்புச் சேர்ந்தால் கடலை கல்லாகவே நிற்கும். பழைய கடலையானால் ஊறவைக்கும்போது ஒரு சிட்டிகை அப்பச்சோடா.

மைசூர் பருப்புக்கு ஐந்து நிமிடக் கொதி, பெட்டியில் முக்கால் மணித்தியாலம். பச்சையரிசி சோற்றுக்கும் ஏறக்குறைய அதே கணக்குத்தான், ஆனால் ஆவி போகாததால் வழக்கமாக வைக்கும் தண்ணீரில் கால்வாசியைக் குறையுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சோற்றைப் பெட்டியில் விடாதீர்கள். குழைந்துவிடும், வெதுவெதுப்பில் கிடந்தால் கெட்டும் போகும்.

எடுக்கும்போது சட்டியின் பக்கத்தில் விரலை வையுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் சுட்டுக் கையை இழுக்க வேண்டும். இழுக்காமல் வைத்திருக்க முடிந்தால் சூடு 60 பாகைக்குக் கீழே போயிருக்கும், அதுதான் கிருமி பெருகும் சூடு. உடனே கொதிக்க வைத்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு வைத்துவிட்டுக் கொழுந்து நிறுத்துப்போட்டு மத்தியானம் வந்து சாப்பிட நினைப்பவர்கள், சட்டி சுட்டாலும் சுடாவிட்டாலும், ஒருமுறை கொதிக்க வைத்தே சாப்பிட வேண்டும்.

பிறகு சேர்த்தது: ஈரம்

மழைக்காலத்தில் பெட்டி வேலை செய்வதில்லை என்று பலர் கேட்டதால் இது. ஜூன், ஜூலை மழையில் கம்பளி காயாது. போதாததற்குச் சட்டி ஆவியும் அதில் இறங்கும். நனைந்த கம்பளி சூட்டைக் கடத்திவிடும், பூஞ்சணமும் பிடிக்கும். சட்டியை முதலில் ஒரு துவாயில் சுற்றுங்கள், அதற்கும் கம்பளிக்கும் நடுவே கழுவிய பொலித்தீன் விரிப்பு ஒன்று. ஈரம் துவாயோடு நின்றுவிடும். துவாயை அடுப்பு மேலே கொடியில் காயப்போட்டால் அடுத்த நாளைக்குத் தயார். மானாப்புல்லை மாதம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று: சிவப்பு போஞ்சிக் கொட்டை

இதைக் கடலை மாதிரிச் செய்யக் கூடாது. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும், பெட்டியின் மிதமான சூட்டில் அழியாது. அரைவேக்காட்டில் சாப்பிட்டால் சில மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் முழு அரை மணித்தியாலம் தளதளவென்று கொதிக்க விட்ட பிறகே பெட்டிக்குள் வையுங்கள். கௌபிக்கும் பயறுக்கும் இவ்வளவு தேவையில்லை, ஊறியிருந்தால் பத்து நிமிடக் கொதி போதும்.

மிச்சம் எவ்வளவு என்று பார்க்க, புது சிலிண்டர் பூட்டிய திகதியைக் கலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். 12.5 கிலோ சிலிண்டர் முன்பு எத்தனை நாள் வந்தது, இப்போது எத்தனை நாள் வருகிறது என்பது இரண்டாவது சிலிண்டர் முடியும்போது தெரிந்துவிடும்.